அச்சுகள் கூறும் சாட்சியம்

தங்கள் கையிலுள்ள ஒரு ரூபாய் நாணயத்தில் ஆண்டெண்ணின் கீழே சற்று உற்று நோக்குங்கள். சிறிய சாய்சதுரம் இருப்பின் அது மும்பையில் அடிக்கப்பட்டது. குறி யாதும் இல்லையேல் கொல்கத்தாவில் அடிக்கப்பட்டது. இவை வேண்டுமென்றே இடப்படும் குறிகள். அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசுகளிலோ, எவரும் கருதாமல் விழுந்த குறிகளே வரலாறு பேசுகின்றன.

1792-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நாட்டின் தங்கசாலை பிலடெல்பியா நகரில் நிறுவப்பெற்றது. (வெள்ளி அடித்தாலும் நம் வழக்கில் அது தங்கசாலைதான், சென்னையில் ஒரு தெருவே அப்பெயரால் வழங்குகிறது.) 1794-இல் முதல் வெள்ளி டாலர்கள் 1,758 வெளிவந்தன. அந்நாளில் எழுத்து, எண், விண்மீன் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி முளையால் எஃகு அச்சில் அடித்துப் பதித்தனர். கைவேலையாதலால் ஓர் அச்சைப் போல் மற்றோர் அச்சு அமையவில்லை. ஒன்றில் விண்மீன் எழுத்தை நெருங்கி நிற்கும்; மற்றொன்றில் விலகி நிற்கும். 1795-ஆம் ஆண்டு டாலரில் கழுகின் ஒவ்வொரு சிறகின் கீழும் சிலவற்றில் இரண்டு இலைகள், சிலவற்றில் மூன்று! 1807-ஆம் ஆண்டு அரை டாலர் ஒன்றில் செதுக்குநர் 50 என்பதற்கு மாறாக 20 என அடித்துவிட்டு, அதன் மேலேயே திருத்தியிருக்கிறார். பிழை இன்றும் தெரிகிறது.

அச்சில் விரிசல் கண்டால் அது காசின்மேல் மெல்லிய மேடாகப் பதியும். அச்சு உழைக்க உழைக்க அம்மேடு நீளும். எனவே எக்காசு முந்தியது, எது பிந்தியது என வரிசைப்படுத்தலாம். இவ்வாறு 1794 முதல் 1836 வரையுள்ள அரை டாலர்களை வகைப்படுத்தி ஓவர்டன் என்பார் 1967-இல் நூல் வெளியிட்டார்.

இது வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு 1804 எனப் பொறித்த டாலரே சான்று. அவ்வாண்டில் 19,570 டாலர்கள் அடித்ததாகத் தங்கசாலைக் கணக்கு கூறுகிறது. கணக்கு மெய்யே, ஆனால் அவற்றுக்குப் பயன்பட்டவை முந்தைய ஆண்டெண் கொண்ட பழைய அச்சுகள். 1834-இல் சயாம் மன்னர், மஸ்கட் சுல்தான் முதலியோர்க்கு அளிக்கவேண்டிய பரிசுகளுக்காக அரசு நாணயத் தொகுதிகளைக் கேட்டது. டாலர் அடிப்பது நின்று நெடுநாளாயிற்று. ஏட்டைப் புரட்டிய அலுவலர் கடைசி ஆண்டாகக் கண்ட 1804-ஐயே புதிய அச்சில் பொறித்துவிட்டனர். அவ்வகையில் எட்டுக் காசுகளே இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றின் விளிம்பு முறை 1804-இல் வழங்கியதன்று. 1828-க்குப் பின் வந்தது. 1962-இல் சயாம் மன்னர் பெற்ற தொகுதி வெளிப்பட்டபோது, 1834-ஆம் ஆண்டுக் காசுகளோடு அந்த டாலரும் சேர்ந்தே இருந்தது.

இத்துடன் கதை முடியவில்லை. இவ்வரிய காசுக்குச் செல்வர் காட்டிய ஆசையைக் கண்டு, பின்னாளில் தங்கசாலைக்குள்ளேயே சிலர் மறைவாக மேலும் சில அடித்தனர். பின்புறத்துக்கு வேறோர் அச்சைப் பயன்படுத்தியதால், மேகங்களுக்கு மேலுள்ள எழுத்துகளின் இடம் சற்று மாறியது, வேறுபாடு பிடிபட்டது. அவற்றுள் ஒன்று ஸ்விட்சர்லாந்து நாட்டு வெள்ளிக் காசொன்றின்மேல் அடிக்கப்பட்டது. பழைய பதிப்பு முற்றும் அழியவில்லை. வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் உள்ள அக்காசின் மேற்பரப்பு 1804 என்கிறது. அடியில் கிடக்கும் ஸ்விஸ் காசோ 1857-ஆம் ஆண்டினது.