பாடி மாற்றலாமா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858இல் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி படமெடுத்தார். பெயர் லினேயஸ் டிரைப். சென்னை அரசாங்கம் நியமித்த புகைப்படக்காரர். 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளமான ஒரே படமாக்கினார்; சுமார் 19 அடி வந்தது.

அன்றைய புதுச்சரக்கு, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி ஈரமாகவே படமெடுக்கும் முறை. 1851இல் வந்திருந்தது. படம் துல்லியமாக விழும், ஆனால் பூச்சு காய்வதற்குள் எடுக்கவும் வேண்டும், கழுவவும் வேண்டும். தஞ்சை வெயிலில் அதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? டிரைப் பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே நம்பினார். முன்கூட்டியே தயாரித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், ஆற அமரக் கழுவலாம். கூர்மை சற்றுக் குறைந்தாலும் மாட்டுவண்டிப் பயணத்துக்குத் தோதானது. அடுத்த ஆண்டே சென்னை கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் இந்தச் செலவெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு டிரைப் எடுத்த படங்கள் மிகக் குறைவு.

‘புதுசு வந்திருக்கிறதே, மாற்றலாமா?’ என்ற கேள்விக்கு இவ்வளவு வயது. பெரும்பாலும் அதற்குப் பதில் சொன்னது கேமரா இல்லை. டிரைப்புக்கு வெயிலும் கணக்குப் பிள்ளையும் சொன்னார்கள். பின்னால் வந்தவர்களுக்கு லேப் சொன்னது, லென்ஸ் சொன்னது, கல்யாண ஆல்பம் சொன்னது.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர் அவ்வளவு எளிதில் கேமராவை மாற்றியவர் அல்ல. இரண்டு கண் வைத்த யாஷிகா அவர் கழுத்தில் தொங்கும். யாஷிகா மேட் 124ஜி 1970இல் வந்து 1986 வரை தயாரானது. மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் கண்ணாடியில் மணமக்கள் இடம் வலம் மாறித் தெரிவார்கள். பிம்பம் ஒரு பக்கம் ஓடும், கேமராவை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கை பழக நாளாகும். 120 ரோலில் 12 படம். கெட்டிமேளம் கேட்கும் நேரத்தில் பன்னிரண்டாவது படத்தில் நிற்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். மூன்று படம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லையென்று, தாலி தட்டு சுற்றி வரும்போதே ரோலை மாற்றிக்கொள்வதுதான் பத்திரம். ஃபிலிம் காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், தாலி கட்டும் படம் போனால் அந்த ஊரில் தொழில் செய்ய முடியாது.

ஒரே ரோலில் 36 படம் தரும் 35 மி.மீ. கேமராக்கள் அப்போதே இருந்தன. பிறகு ஏன் பெரிய ரோலை விடவில்லை? நெகட்டிவின் அளவுதான் காரணம். 120 ரோலின் சதுர நெகட்டிவ், 35 மி.மீ. நெகட்டிவைப் போல மூன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலான பரப்பு கொண்டது. அதை வெளிச்சப் பலகையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் ‘டச்சிங்’ செய்யலாம். பெண்ணின் கன்னத்துப் பரு மறையும், மாமனாரின் கண்ணடிக் கருவளையம் குறையும். 35 மி.மீ. நெகட்டிவின் கடுகளவு முகத்தில் பென்சில் எப்படி ஓடும்? நல்ல டச்சிங் கை உள்ள ஸ்டுடியோவுக்குக் கூட்டம் வந்தது. உள்ளே இருக்கும் கேமரா எந்த மாடல் என்று வாடிக்கையாளர் கேட்டதில்லை.

வீட்டில் கேமரா வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை இன்னும் குறைவு. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III ஒன்று வாங்கினால் அப்பா காலம் முடிந்து பிள்ளை காலத்துக்கும் ஓடும். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சரக்கு கொடுத்தது. பிறகு கலர் ஃபிலிம் வந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: கலருக்கு மாற யாரும் கேமராவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே பழைய டப்பாவில் கலர் ரோலைப் போட்டால் கலர் படம். வேகமான ஃபிலிம் போட்டால் மங்கிய வெளிச்சத்திலும் படம். ஒவ்வொரு ரோலோடும் கேமராவின் உயிர்நாடி புதிதாகிக்கொண்டே இருந்தது. பென்டாக்ஸ் கே1000 என்ற எளிய கேமரா 1976 முதல் 1997 வரை பெரிய மாற்றம் ஏதுமின்றி விற்றதென்றால் அதன் ரகசியம் இதுதான்.

யாஷிகாவை இறக்கி வைக்கச் செய்தது கலர் லேப். ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தந்த மெஷின்கள் 35 மி.மீ. ரோலுக்கும் போஸ்ட்கார்டு அளவு பிரிண்டுக்கும் ஏற்றபடி ஓடின. கலர் நெகட்டிவில் பழைய பென்சில் வித்தை எடுபடவில்லை. டார்க்ரூம் சாமான் கிடங்காயிற்று. நல்ல நிலையில் இருந்த கேமராக்கள் ஷோகேஸுக்குப் போயின.

லென்ஸ் விஷயத்தில் நடந்தது இன்னொரு கதை. நிகான் 1959இல் ‘எஃப்’ மவுண்டைக் கொண்டுவந்தது. லென்ஸ் மாட்டும் அந்த வளையத்தின் அடிப்படை அமைப்பை, சின்னச் சின்னத் திருத்தங்களோடு, தன் எஸ்எல்ஆர் கேமராக்களில் கடைசிவரை காப்பாற்றியது. எதிர்முகாமில் கேனன் 1987இல் ஆட்டோஃபோகஸுக்காகப் பழைய ‘எஃப்டி’ மவுண்டை ஒரேயடியாகக் கைவிட்டு ‘ஈஎஃப்’ என்ற புதிய வளையத்துக்குப் போயிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்த லென்ஸ் எதுவும் புது பாடியில் ஏறாது. எஃப்டி லென்ஸ்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தப் புதிய வளையம் 54 மி.மீ. அகலம், முழுக்க மின்தொடர்பு. பின்னால் முப்பது ஆண்டு கேனன் ஓடிய ஓட்டத்துக்கு அதுதான் தண்டவாளம். துரோகம் என்று திட்டப்பட்ட முடிவு தொழில்நுட்பமாகச் சரியாகவே இருந்தது. அன்றைக்கு எஃப்டி லென்ஸ் கடன் கட்டிக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொல்லியிருக்க முடியாது!

டிஜிட்டலின் தொடக்கம் விளையாட்டுப் பொருள்போல இருந்தது. 1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய கருவி மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 வினாடி. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஃபிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனி அதைப் பார்த்துப் பரவசப்படவில்லை. 1999இல் நிகான் டி1 வந்தபோது கணக்கு மாறியது. 27 லட்சம் புள்ளி, விலை 5,000 டாலருக்கு மேல். செய்தித்தாள்களுக்கு அது கட்டுப்படியாயிற்று, ஏனென்றால் அவர்களுக்கு நேரம்தான் காசு. மற்றவர்களுக்கு 2003 வரை பொறுமை தேவைப்பட்டது. அந்த ஆண்டு கேனன் 300டி, 60 லட்சம் புள்ளிகளோடு, பாடி மட்டும் 900 டாலருக்கு வந்தது. புகைப்படக் கலைஞர் ரகு ராய் அதே ஆண்டில்தான் மும்பையில் ஒரு பத்திரிகை வேலைக்காக நிகான் டி100ஐக் கையில் எடுத்தார். பிறகு ஃபிலிமுக்குத் திரும்ப முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஃபிலிமில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஊறிய கை அது.

இங்கேதான் பழைய நியாயம் தலைகீழானது. ஃபிலிமை எடுத்து பாடிக்குள் நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். சென்சார் பழசானால் கேமராவே பழசு. ரோல் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர், அந்த மிச்சத்தை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார்.

மெகாபிக்சல் பைத்தியம் பிடித்த வருடங்கள் அவை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1,200க்கு 1,800, அதாவது 22 லட்சம் புள்ளி போதும். டி1இலேயே அது இருந்தது. 60 லட்சத்திலிருந்து 120 லட்சத்துக்குப் போனால் படம் இரண்டு மடங்கு பெரிதாகிவிடுவதில்லை. அகலத்தில் 40 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு அகலம் வேண்டுமானால் நான்கு மடங்கு புள்ளி வேண்டும். ஆனால் நம் ஊர்க் கல்யாண ஆல்பம் அதற்குள் 12க்கு 36 அங்குல விரிப்பாக வளர்ந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் இரு பக்கமும் பரவி நிற்கும் ஒரே படத்தை அந்த அளவில் முழுத் துல்லியமாக அச்சிட 389 லட்சம் புள்ளி வேண்டும். ஆல்பம் கனக்கக் கனக்க கேமராவும் பெரிதாக வேண்டியிருந்தது.

2007 ஆகஸ்ட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. கேனன் தன் உச்ச கேமராவில் 210 லட்சம் புள்ளி வைத்தது. நிகான் டி3இல் 120 லட்சம்தான். நிகான்காரர்கள் தோற்றார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தக் குறைந்த புள்ளிகள் ஒவ்வொன்றும் பெரியவை, அதிக வெளிச்சம் பிடிப்பவை. 6400 ஐஎஸ்ஓவில் எடுத்த படம் உபயோகமாக இருந்தது. மங்கலான மண்டபத்தில், தாத்தாவின் கண் கூசும்படி ஃப்ளாஷ் அடிக்காமல் எடுக்கலாம். ‘கேண்டிட்’ என்று பெயர் வைத்துக் கல்யாணக் கட்டணத்தை உயர்த்திய தலைமுறைக்கு உயிர்கொடுத்தது மெகாபிக்சல் இல்லை, இந்த இருட்டுப் பார்வை.

அடுத்த ஆண்டு வந்த கேனன் 5டி மார்க் II முழு எச்டி வீடியோவும் எடுத்தது. தோளில் வீடியோ கேமராவும் தலைக்கு மேல் எரியும் விளக்குமாக வந்தவர் மெல்ல மறைந்தார். ஃபோட்டோ கேமராவால் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘ஹவுஸ்’ 2010இல் ஒரு பருவத்தின் இறுதிப் பகுதியையே எடுத்தது. தமிழிலும் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ 2012இல் அப்படிப்பட்ட டிஎஸ்எல்ஆரில் எடுக்கப்பட்டு வந்தது.

பழைய பாடி வாங்கப் போகிறவர் இப்போது முதலில் கேட்பது ‘ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?’ பழைய பைக்கின் கிலோமீட்டர் போல. 5டி மார்க் IIஇன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறை திறந்து மூடும்படி சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 50 கல்யாணம். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடுகிறவருக்கு இரண்டு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். அவர் புது பாடி வாங்குவது ஆசையால் இல்லை, டயர் தேய்ந்தால் மாற்றுவது போலத்தான். வருடத்துக்கு 1,500 படம் எடுக்கும் வீட்டுக்காரருக்கோ அதே ஷட்டர் 100 வருடம் வரும். இரண்டு பேரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்து ஒரே மாதிரி தவிப்பதுதான் வியப்பு.

2013இல் சோனி ஏ7 ஃபுல் ஃப்ரேம் சென்சாரோடு கண்ணாடி இல்லாமல் வந்தது. 2018இல் நிகானும் கேனனும் பின்தொடர்ந்தன. நிகான் 59 வருடம் காத்த வளையத்தை விட்டு 55 மி.மீ. அகல ‘இசட்’ வளையத்துக்கு மாறியது. பழைய லென்ஸை அடாப்டர் வழியாக மாட்டலாம் என்ற ஆறுதல் இருந்தது. 1987 எல்லோருக்கும் நினைவிருந்தது போலும். பெண்ணின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ் புது வசதி. ஆனால் கல்யாணக்காரர்கள் தயங்கியது வேறொன்றுக்காக. நிகான் இசட்6, இசட்7, கேனன் ஈஓஎஸ் ஆர் மூன்றிலும் மெமரி கார்டு போட ஒரே ஒரு பொந்து. கார்டு செத்தால் தாலி கட்டிய படமும் போச்சு. 12 படம் ரோல் காலத்துப் பயம் அப்படியே திரும்பி வந்தது. 2020இல் இசட்6 II இரண்டு பொந்தோடு வந்த பிறகுதான் பலருக்கு நிம்மதி.

இதற்குள் வீட்டுக்காரர்களின் கேள்வியை செல்போன் விழுங்கிவிட்டது. உலக டிஜிட்டல் கேமரா வரத்து 2010இல் 12 கோடியைத் தொட்டது. 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே. எடுத்த படங்களில் பெரும்பாலானவை பார்க்கப்படுவதும் செல்போனில்தான். அந்தத் திரையின் புள்ளிகள் பொதுவாக 25 லட்சத்தை ஒட்டியவை. 1999இன் டி1ஐ விடக் கொஞ்சம் குறைவு.

பெட்டியில் தூங்கும் பழைய சின்ன கேமராக்களை இப்போது கல்லூரிப் பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள். அந்தக் கிராக்கியைப் பார்த்த கேனன், 2016இல் 210 டாலருக்கு விற்ற பவர்ஷாட் எல்ஃப் 360 எச்எஸ் மாடலை 2025இல் மறுபடி இறக்கியது. அதே சென்சார், அதே லென்ஸ். பெரிய மெமரி கார்டுக்குப் பதில் மைக்ரோ கார்டு. வந்தபோது விலை 380 டாலர்.