"அது என் பிள்ளைதானா?" - பராமரிப்புத் தொகை கேட்கும்போது தந்தை யார் என்று கேள்வி எழுப்பலாமா?

பிரிந்து வாழும் மனைவியோ முன்னாள் காதலியோ பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை கேட்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். அழைப்பாணை உங்கள் கைக்கு வருகிறது. ஏற்கெனவே மனத்தில் ஒரு சந்தேகம். "முதல்ல டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கட்டும், அப்புறம் காசு பத்திப் பேசலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் சட்டம் அவ்வளவு நேராகப் போவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் அந்தப் பெண்ணைத் திருமணம் செய்தவரா இல்லையா என்பதை.

திருமணம் ஆனவர் என்றால்...

சிங்கப்பூர் ஆதாரச் சட்டத்தின் 114ஆம் பிரிவு சொல்வது இது: திருமணம் நீடிக்கும்போது பிறந்த பிள்ளை கணவரின் பிள்ளை. மணவிலக்கு ஆன பிறகு, தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள் பிறந்தாலும் அப்படித்தான். அதை முறியடிக்கச் சட்ட வாசகம் திறந்து வைத்திருக்கும் கதவு ஒன்றுதான். பிள்ளை கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். பிரிந்து வாழ்வது வேறு, மணவிலக்கு வேறு. பிரிந்து வாழ்வதைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கேட்க, மற்றவர் சம்மதித்தால் 3 ஆண்டு, சம்மதிக்காவிட்டால் 4 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவர்தான். இடையில் பிறக்கும் பிள்ளைக்கும் அந்த ஊகம் பொருந்தும். வெளிநாட்டில் வேலை, சிறைவாசம் போன்றவற்றைக் கடப்பிதழும் ஆவணங்களும் காட்டும். அவர் ஈசூனில், நான் தோ பாயோவில் என்பது மட்டும் போதுமா? எம்ஆர்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது, நீதிபதிக்கும் அது தெரியும்!

இந்த வாசகம் மரபணுச் சோதனை என்ற ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டது. அதன் மூலம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஆதாரச் சட்டம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே சொற்கள் இருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு வழக்கில், கையில் இருக்கும் சோதனை முடிவு ஊகத்தை விஞ்சும் என்றது. 2023இல் இன்னொரு வழக்கில், தாயின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளையைச் சோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்றது. இரண்டும் சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பழைய சட்டத்துக்கும் புதிய அறிவியலுக்கும் இடையே நீதிபதிகள் எதை எடைபோடுகிறார்கள் என்று புரியும். பிள்ளை முறைகேடாகப் பிறந்தது என்ற பெயரைச் சுமக்கக்கூடாது என்பதே அந்த ஊகத்தின் நோக்கம்.

திருமணம் ஆகாதவர் என்றால்...

நிலைமை தலைகீழ். உங்களைத் தந்தை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் "கல்யாணமே ஆகலையே" என்று தப்பிக்க முடியாது. மாதர் சாசனத்தின் 68ஆம் பிரிவின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் பராமரிப்பது பெற்றோரின் கடமை. தாய்க்கும் அந்தக் கடமை உண்டு. பிள்ளையின் பராமரிப்பைப் பொறுத்தவரை முஸ்லிம்களும் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம்.

சோதனைக்கு வரமாட்டேன் என்று மறுத்தால்? "எதையோ மறைக்கிறார்" என்று நீதிமன்றம் அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்த்தால்?

இணையத்தில் வாங்கும் பெட்டியில் கன்னத்தின் உள்பக்கம் தடவி அனுப்பலாம்தான். ஆனால் அந்த மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சி யார்? ஆய்வகத்தில் அடையாள அட்டை பார்த்து, மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவு செய்திருந்தால்தான் வழக்கில் நம்பகத்தன்மை. தாய்க்குத் தெரியாமல் பிள்ளையின் எச்சிலை எடுத்து அனுப்புவது வேறு சிக்கல்களையும் கொண்டுவரும்.

அறிவியல் எளிதுதான். ஒவ்வொரு மரபணு இடத்திலும் பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வரும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் தந்தை இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தவில்லை என்றால் அது மரபணு மாற்றமாகவும் இருக்கலாம், அதனால் ஆய்வகங்கள் அதை மட்டும் வைத்து முடிவுசெய்வதில்லை.

முடிவு "இல்லை" என்று வந்தால் எல்லாம் முடிந்ததா?

பெரும்பாலோருக்குத் தெரியாத விஷயம் இது. மாதர் சாசனத்தின் 70ஆம் பிரிவு: தம் பிள்ளை அல்லாத ஒரு பிள்ளையைக் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டவர், பெற்ற தாயோ தந்தையோ பராமரிக்கத் தவறும் அளவுக்கு அதைப் பராமரிக்க வேண்டும். பள்ளிக்குக் கூட்டிப்போனீர்கள், "அப்பா" என்று கூப்பிடவிட்டீர்கள் என்றால் வழக்கு இந்தப் பக்கம் திரும்பலாம். பெற்ற தந்தையோ தாயோ பிள்ளையைத் தம்மிடம் எடுத்துக்கொண்டால் அந்தக் கடமை நின்றுவிடும். செலவழித்ததை அவர்களிடமிருந்து கடனாகத் திரும்பக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

என்ன செய்யக்கூடாது?

அழைப்பாணையைக் குப்பையில் போடாதீர்கள். வராதவருக்கு எதிராகக் கைது ஆணைகூட வரலாம். சந்தேகத்தை முதல் விசாரணையிலேயே சொல்லிவிடுவது நல்லது. சம்மதித்துக் கையெழுத்திட்டு இரண்டு வருஷம் கழித்து "இப்பத்தான் யோசிச்சேன்" என்றால் நீதிபதி ஏன் என்று கேட்பார்.

ஏற்கெனவே உத்தரவு இருந்தால், சோதனை முடிவு கையில் இருந்தாலும் நீங்களாகவே பணத்தை நிறுத்தாதீர்கள். உத்தரவை மாற்றவோ நீக்கவோ விண்ணப்பிக்கலாம். மாறும்வரை அது செல்லும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம், சம்பளத்திலிருந்து பிடிக்கவும் ஆணையிடலாம். பொதுவாகப் பிள்ளைக்கு 21 வயது ஆகும்வரை இது நீளும். படிப்பு, தேசிய சேவை, உடற்குறை போன்ற காரணங்களுக்காக அதற்குப் பிறகும் தொடரலாம்.

வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். அங்கு வருமானத் தகுதி பார்ப்பார்கள். சமூகச் சட்ட ஆலோசனை நிலையங்களிலும் இலவசமாகப் பேசலாம். போகும்போது அழைப்பாணை, திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அந்தக் காலத்துப் பயண ஆவணங்கள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.