ராகிக்களி சாப்பிட்டா பித்தப்பைக் கல் வராதா?

பித்தப்பையில் வீக்கம்னு ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்: "அந்தக் காலத்துச் சாப்பாடு சாப்பிட்டிருந்தா இது வந்திருக்குமா?" வரலாற்றில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது.

1968-ல் எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், ரயில்வே ஊழியர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். தென்னிந்திய ஊழியர்களைவிட வட இந்திய ஊழியர்களிடம் பித்தக்கல் சுமார் 7 மடங்கு அதிகம் என்றார். காரணத்தை உணவில் தேடினார். ஒரே நிர்வாகம், ஒரே மாதிரி மருத்துவ வசதி என்பதால் ஒப்பிட வசதியான கூட்டம்தான்.

அப்போ நம்ம களியும் கம்மஞ்சோறும் காப்பாத்துச்சா? ஓரளவு இருக்கலாம். ராகி, கம்பு, சோளம், கொள்ளு, கீரை. நார்ச்சத்து அதிகம், எண்ணெய் கொஞ்சம். ஆனால் கல்லில் வகைகள் உண்டு. வடக்கே பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கற்கள். தெற்கே நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசம். ரத்த அணுக்கள் அதிகமாகச் சிதையும் நோய், கல்லீரல் சுருக்கம், பித்தநாளத் தொற்று ஆகியவற்றாலும் நிறமிக் கல் உருவாகும். "நெய்யே தொடமாட்டேன், எனக்கு எப்படி வந்துச்சு?" என்பவர்களில் சிலருக்குப் பதில் இதில் இருக்கும்.

இன்னொன்று. பழைய சாப்பாட்டோடு பழைய பட்டினியும் சேர்ந்தே இருந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. பட்டினி பித்தப்பைக்கு நல்லதல்ல. சாப்பாட்டில் உள்ள கொழுப்பு சிறுகுடலுக்கு வந்தால்தான் ஒரு ஹார்மோன் சுரந்து பை சுருங்கும். கோலிசிஸ்டோகைனின் எனப்படும் அதை 1928-ல் ஐவி, ஓல்ட்பெர்க் இருவரும் கண்டறிந்தார்கள். சாப்பிடாமல் இருந்தால் பித்தம் தேங்கிக் கெட்டியாகும். வேகமாக உடம்பைக் குறைப்பவர்களுக்குக் கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஹார்மோன்தான் வலிக்கும் காரணம். கல் வாயை அடைத்திருக்கும்போது பை அழுத்திச் சுருங்கினால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மிதக்கும் பள்ளிபாளையம் சிக்கனோ, ஒரு பிளேட்டுக்கு மேல் ஒரு பிளேட்டாகத் தட்டுவடை செட்டோ சாப்பிட்ட ராத்திரி வலி வருவது இதனால்தான்.

இதை வைத்துப் பார்த்தால் நடைமுறை எளிது. வீக்கம் கடுமையாக இருக்கும்போது ஆஸ்பத்திரியில் வாய்வழி உணவை நிறுத்திவைப்பார்கள். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம். அடங்கியபின் நேரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, இட்லி, களி, பருப்புக் கடைசல், தோல் நீக்கிய கோழிக் குழம்பு, மோர் என்று சாப்பிடலாம். எண்ணெயை அளந்து ஊற்றவேண்டும், அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. முட்டையில் கொழுப்பெல்லாம் மஞ்சளில்தான். வெள்ளைக்கரு பிரச்சினை இல்லை.

உருவான கல்லை எந்த உணவும் கரைக்காது. 1882-ல் பெர்லினில் லாங்கன்புக் முதல்முறை பித்தப்பையை அகற்றியதிலிருந்து, தொல்லை தரும் கல்லுக்கு நிலையான தீர்வு அறுவைதான். இப்போது லேப்பராஸ்கோப்பியில் சின்னச் சின்னத் துளைகளில் முடிகிறது. காய்ச்சல், கண் மஞ்சளாவது, மணிக்கணக்கில் விடாத வலி, இதில் ஒன்று இருந்தாலும் கஞ்சி குடித்துக்கொண்டு நாள் தள்ளக்கூடாது. அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.