ஆசியவியல்

ஆசியவியல் என்பது ஆசியக் கண்டத்து மக்களின் மொழி, வரலாறு, சமயம், இலக்கியம், அரசியல், பொருளியல், சமூக அமைப்பு ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் பல்துறைக் கல்விப் புலம் ஆகும். பல்கலைக்கழகங்களில் இது இளங்கலை, முதுகலை, முனைவர் பட்ட நிலைகளில் கற்பிக்கப்படுகிறது. இயற்பியல், பொருளியல் போன்ற துறைகள் அவற்றின் முறையியலால் அடையாளம் காணப்படுகின்றன. ஆசியவியலோ ஒரு நிலப்பரப்பால் அடையாளம் காணப்படுகிறது. இதனால் இது ஆப்பிரிக்கவியல், இலத்தீன் அமெரிக்கவியல் போன்றவற்றுடன் சேர்த்து வட்டாரவியல் புலங்களுள் ஒன்றாக வகைப்படுத்தப்படுகிறது.

பெயரும் எல்லையும்

ஆசியா முழுவதையும் ஒருவர் கற்றுத் தேர்தல் இயலாது. ஆகையால் நடைமுறையில் மாணவர்கள் கிழக்காசியா, தென்கிழக்காசியா, தெற்காசியா, நடு ஆசியா ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றனர். மேற்காசியா பெரும்பாலும் மையக்கிழக்கியல் என்னும் தனித்துறையில் இடம்பெறுகிறது.

இப்பிரிவுகள் இயற்கையானவை போலத் தோன்றினாலும் அவற்றுட் சில அண்மைக் காலத்தவை. தென்கிழக்காசியா என்னும் பெயர் பரவலான வழக்குக்கு வந்தமைக்கு இரண்டாம் உலகப் போரே முதன்மைக் காரணம். 1943 இல் நேச நாடுகள் மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்காசியக் கட்டளையகத்தை அமைத்தன. 1944 இல் அதன் தலைமையிடம் இலங்கையின் கண்டிக்கு மாற்றப்பட்டது. படைத்துறை வரைபடத்தில் இடப்பட்ட பெயர் சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத் துறைகளின் பெயராயிற்று. இதற்கு மாறாக, 2002 இல் வில்லெம் வான் செண்டெல் என்னும் அறிஞர், வியட்நாம் முதல் வடகிழக்கு இந்தியா வரையும் அதற்கு அப்பாலும் பரந்துள்ள மலைநாட்டுப் பகுதிக்கு சோமியா என்று பெயரிட்டார். எந்த நாட்டுத் தலைநகருக்கும் தொலைவில் உள்ள இம்மலைமக்கள், வழக்கமான வட்டாரப் பிரிவுகளால் பல துண்டுகளாக்கப்பட்டு எந்தத் துறையின் கவனத்தையும் பெறாமற் போயினர் என்பது அவர் வாதம்.

தோற்றம்

ஆசியவியலின் முன்னோடி கீழைத்தேயவியல் ஆகும். இதன் தொடக்கத்தில் புலமை ஆர்வமும் ஆட்சித் தேவையும் பிரிக்க முடியாதவாறு கலந்திருந்தன. வில்லியம் ஜோன்ஸ் 1784 இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவினார். அவர் அந்நகர உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் இருந்தார். பாரிசில் 1795 இல் வாழும் கீழைமொழிகளுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனி தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிப்பதற்காக 1800 இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியையும், 1812 இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியையும் அமைத்தது. சென்னைக் கல்லூரியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் சமசுகிருதத்தினின்று தோன்றாத தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816 இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு 40 ஆண்டுகள் முந்தைய முடிவு இது.

இலண்டனில் கீழைத்தேயக் கற்கைகளுக்கான பள்ளி 1916 இல் அரச பட்டயம் பெற்றது. 1938 இல் ஆப்பிரிக்காவும் அதன் பெயரில் சேர்க்கப்பட்டது. இப்போர்க்காலப் பள்ளி 1940களில் படைவீரர்களுக்கு யப்பானிய மொழியை விரைந்து கற்பிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது. போருக்கு முன் இத்தகைய மொழிகளைப் புறக்கணித்தமையின் விலையை அரசு அப்போதுதான் உணர்ந்தது. 1947 இல் வெளியான ஸ்கார்பரோ அறிக்கை ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளுக்கு நிலையான நிதி வேண்டும் என்றது. 1961 இல் வெளியான ஹேய்ட்டர் அறிக்கை மொழியோடு நில்லாமல் சமூக அறிவியல்களையும் இணைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பழைய மொழியியற் புலமை இன்றைய பல்துறை வடிவத்தை அடைந்த வழியை இவ்விரு அறிக்கைகளிலும் காணலாம்.

ஐக்கிய அமெரிக்காவும் பனிப்போரும்

பல்துறைப் பட்டப்படிப்பு என்னும் வடிவம் மிக விரைவாக வளர்ந்தது ஐக்கிய அமெரிக்காவில் ஆகும். போர்க்காலத்தில் உளவு, ஆய்வு அலுவலகங்களில் ஒன்றாகப் பணியாற்றிய வரலாற்றாளர், மானிடவியலாளர், மொழியியலாளர் ஆகியோர் போர் முடிந்தபின் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பினர். கண்டியில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த மானிடவியலாளர் கோரா டு பாய்ஸ் பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரானார். சமசுகிருத அறிஞர் நார்மன் பிரவுன் 1948 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய வட்டாரவியல் துறையைத் தொடங்கினார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1950 இல் தென்கிழக்காசியத் திட்டம் அமைந்தது. சிக்காகோவில் 1956 முதல் இந்திய நாகரிகம் இளங்கலை மாணவர்களுக்கான பாடமாயிற்று. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான மில்டன் சிங்கர் சென்னை நகரில் களஆய்வு செய்தவர்.

சோவியத் ஒன்றியம் 1957 இல் இசுப்புட்னிக்கை ஏவியதை அடுத்து, 1958 இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அதன் ஆறாம் தலைப்பு பிறநாட்டு மொழிகளுக்கும் வட்டார மையங்களுக்கும் நடுவண் அரசின் நிதியை வழங்கியது. சட்டத்தின் பெயரிலேயே பாதுகாப்பு இருந்தமை கருதத்தக்கது.

இந்நிதியுடன் அச்சமும் வந்தது. மங்கோலியா, சீனா பற்றிய அறிஞரான ஓவன் லாட்டிமோர் 1950 இல் செனட்டர் மக்கார்த்தியால் சோவியத் உளவாளி எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். பொய்ச்சாட்சி வழக்கு 1955 இல் கைவிடப்பட்ட பின்னரும் அவருடைய நிலை முன்போல் ஆகவில்லை. 1963 இல் இங்கிலாந்துக்குச் சென்று லீட்சுப் பல்கலைக்கழகத்தில் சீனவியல் துறையை நிறுவினார். சீனாவைப் பற்றிய அறிவு மிகவும் தேவைப்பட்ட காலத்தில் சீனாவை அறிந்தவர்களே ஐயத்துக்கு உள்ளாயினர்.

கோதுமையும் நூல்களும்

தமிழ் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புடைய ஒரு நிகழ்வும் இக்காலத்தது. 1954 ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 480 இன்படி இந்தியா அமெரிக்கக் கோதுமையை வாங்கியபோது, அதன் விலை ரூபாயில் செலுத்தப்பட்டது. இப்பணத்தின் பெரும்பகுதியை இந்தியாவிலேயே செலவிட வேண்டியிருந்தது. அதன் ஒரு பகுதியை நூல்கள் வாங்கப் பயன்படுத்தலாம் என 1958 இல் சட்டம் திருத்தப்பட்டது. 1962 முதல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களைத் திரட்டி, திட்டத்தில் பங்கேற்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பி வந்தது. தமிழ் நாவல்கள், கவிதை நூல்கள், ஆய்வுகள், இதழ்கள் எல்லாம் இவ்வழியே சென்றன. வெளிவந்த காலத்தில் பேணத் தகுந்தவையாக எவரும் கருதாத சிறு வெளியீடுகளும் அவற்றுள் அடங்கும். 1960களின் தொடக்கத்தில் சிக்காகோவுக்குச் சென்ற ஏ. கே. இராமானுசன் போன்றோர் சங்க இலக்கியத்தை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தியதும், அங்கு தமிழ் நிலையான பாடமானதும் இப்பின்னணியிலேயே.

பின்னாளில் நூல்களை எடுத்துச் செல்லாமல் இருந்த இடத்திலேயே காக்கும் முறையும் ஏற்பட்டது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையாவின் தொகுப்பை அவரது மறைவுக்குப் பின் 1994 இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. எனினும் அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைக்கப்பட்டது.

பாடத்திட்டம்

பட்டப்படிப்பின் அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடினும் சில கூறுகள் பொதுவானவை. மாணவர் ஓர் ஆசிய மொழியைத் தொடர்ந்து கற்பார். தெரிவு செய்த வட்டாரத்தின் வரலாறு, நாகரிகம் பற்றிய அடிப்படைப் பாடங்களைப் பயில்வார். வரலாறு, மானிடவியல், அரசறிவியல், பொருளியல், இலக்கியம் ஆகியவற்றுள் ஒன்றிரண்டின் ஆய்வு முறைகளில் பயிற்சி பெறுவார். இறுதியில் ஓர் ஆய்வேடு எழுதுவார். பல பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டையோ அரையாண்டையோ அவ்வட்டாரத்தில் கழித்தலும் படிப்பின் பகுதியாகும். செருமனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் 1962 இல் நிறுவப்பட்ட தெற்காசிய நிறுவனம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியவியல், வரலாறு, மானிடவியல், அரசறிவியல், பொருளியல், புவியியல் ஆகியவை ஒரே நிறுவனத்துக்குள் அமைந்தன. அங்கு தமிழும் கற்பிக்கப்படுகிறது.

இவற்றுள் மிகுந்த காலத்தை எடுப்பது மொழியே. அமெரிக்க வெளியுறவுச் சேவைப் பயிலகத்தின் மதிப்பீட்டின்படி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தொழில்முறைத் தேர்ச்சி பெற தமிழ், இந்தி போன்றவற்றுக்கு ஏறத்தாழ 1100 வகுப்பு மணிநேரமும், சீனம், யப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 2200 மணிநேரமும் தேவை. மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் மற்றப் பாடங்களுடன் இதனை எட்டுதல் அரிது. பல பட்டதாரிகள் செய்தித்தாளைத் தடுமாறிப் படிக்கும் அளவிலேயே வெளியேறுகின்றனர் என்னும் குறை இதனால் எழுவதாகும். தமிழ் மாணவருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. வினைச்சொல் இறுதியில் வருவதும், பெயர்ச்சொல்லுக்குப் பின்னே உருபு ஒட்டுவதும் யப்பானியத்திலும் கொரியத்திலும் உண்டு. சொற்றொடர் அமைப்பில் ஆங்கிலேயர் படும் இடர் தமிழருக்குக் குறைவு. யப்பானியத்தின் சீன எழுத்துகள் மட்டும் எல்லோருக்கும் ஒரே சுமைதான்.

பல்துறை அணுகுமுறை: பாலித் தீவு

ஒரே சிக்கலைப் பல துறைகளால் பார்ப்பதன் பயனை இந்தோனேசியாவின் பாலித் தீவு விளக்குகிறது. அங்கு நெல் உழவர்கள் சுபாக் எனப்படும் நீர்ப்பாசனக் கூட்டமைப்புகளில் இணைந்துள்ளனர். அவற்றின் கூட்டங்களும் சடங்குகளும் நீர்க்கோவில்களில் நடைபெறுகின்றன. 1970களில் பசுமைப் புரட்சியின் பகுதியாக, இயன்றவரை அடிக்கடி பயிரிடுமாறு உழவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கோவில் நாட்காட்டி விளைச்சலுக்குத் தடை எனக் கருதப்பட்டது. சில ஆண்டுகளில் நீர்ப் பற்றாக்குறையும் பூச்சித் தாக்குதலும் பெருகின.

மானிடவியலாளர் இசுட்டீபன் லான்சிங் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் இணைந்து ஆற்றுப் படுகைகளின் கணினி மாதிரியை உருவாக்கினார். பல கூட்டமைப்புகள் ஒரே காலத்தில் நிலத்தைத் தரிசாக விடும்போது பூச்சிகள் உணவின்றி அழிகின்றன. ஆனால் எல்லோரும் ஒரே காலத்தில் பயிரிட்டால் நீர் போதாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலையைக் கோவில்களின் வலையமைப்பு ஏற்கெனவே பேணி வந்தது என்று அம்மாதிரி காட்டியது. 1991 இல் இவ்வாய்வு நூலாக வெளிவந்தது. 2012 இல் சுபாக் நிலப்பரப்பு யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சமயத்தை மட்டும் கற்றவர் பூச்சியைக் கவனித்திருக்க மாட்டார். வேளாண்மை மட்டும் கற்றவர் கோவிலைக் கவனிக்கவில்லை.

விமர்சனங்கள்

வியட்நாம் போர் ஆசியவியலாளரைப் பிளவுபடுத்தியது. போரைப் பற்றித் துறை மௌனம் காப்பதை எதிர்த்து 1968 இல் அமெரிக்காவின் இளம் ஆய்வாளர்கள் தனிக்குழு அமைத்து இதழொன்றையும் நடத்தினர். 1978 இல் எட்வர்ட் சயீத் தம் நூலில், மேற்கத்தியக் கீழைத்தேயவியல் கிழக்கை மாறாத ஒன்றாகப் படைத்து அதன்மீதான ஆட்சிக்கு உதவியது என்று வாதிட்டார். அவர் முதன்மையாக எடுத்துக்கொண்டது அரபு, இசுலாமிய உலகம். எனினும் அவரது கேள்வி ஆசியவியல் முழுவதையும் தொட்டது. இதற்கு முன்பே, 1873 முதல் நடைபெற்று வந்த அனைத்துலகக் கீழைத்தேயவியலாளர் மாநாடு 1973 இல் அப்பெயரைக் கைவிட்டிருந்தது.

ஆய்வு செய்யப்படும் நாட்டின் அரசும் ஆய்வாளரைத் தண்டிக்கக்கூடும். இந்தோனேசியாவின் 1965 ஆம் ஆண்டு நிகழ்வுகள் பற்றி அரசின் விளக்கத்தை மறுத்து எழுதியவர்களுள் ஒருவரான பெனடிக்ட் ஆண்டர்சன், 1972 முதல் சுகார்த்தோ ஆட்சி முடியும் வரை அந்நாட்டுக்குள் நுழைய முடியவில்லை. அவர் தாய்லாந்துக்கும் பிலிப்பைன்சுக்கும் திரும்பி அவற்றின் மொழிகளையும் கற்றார். தேசியம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1983 இல் வெளிவந்தது.

நிதி வழங்குநரின் செல்வாக்கும் தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது. சீன அரசு 2004 முதல் நிறுவிய கன்பூசியசு நிலையங்கள் கல்விச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்னும் கருத்து எழுந்ததால், 2014 இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் தன் நிலையத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அமெரிக்க ஆறாம் தலைப்பு நிதியும் 2011 இல் பெரிதும் குறைக்கப்பட்டது.

ஆசியாவில் ஆசியவியல்

ஆசியர்கள் தம் அண்டை நாடுகளைக் கற்பதும் நெடிய வரலாறு உடையது. இரவீந்திரநாத் தாகூரின் விசுவபாரதியில் 1937 இல் சீனபவனம் திறக்கப்பட்டது. புதுதில்லியில் 1955 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கற்கைகளுக்கான இந்தியப் பள்ளியின் முதல் இயக்குநர், தென்னிந்தியப் பொருளியல் வரலாறு எழுதிய ஏ. அப்பாதுரை ஆவார். இப்பள்ளி 1970 இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. சிங்கப்பூரில் தென்கிழக்காசியக் கற்கைகளுக்கான நிறுவனம் 1968 இல் நிறுவப்பட்டது. சென்னையில் 1982 முதல் ஆசியவியல் நிறுவனம் இயங்கி வருகிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை 1956 இல் தோன்றியது. 1961 இல் அதன் தலைமையை ஏற்ற யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள், தமிழைத் தென்கிழக்காசியத் தொடர்புகளுடன் சேர்த்து ஆராய வேண்டும் என வலியுறுத்தினார். 1964 இல் புதுதில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது, அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்றுகூட்டி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக வழிசெய்தார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 இல் கோலாலம்பூரில் நடைபெற்றது.

யப்பானிய அறிஞர் தக்கெயுச்சி யோசிமி 1960 இல் ஆற்றிய உரையொன்றில், ஆசியாவை ஆய்வுப் பொருளாக மட்டுமன்றி ஆய்வு முறையாகவும் கொள்ளலாம் என்றார். தாய்வான் அறிஞர் சென் குவான்-சிங் 2010 இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்தெழுதினார். ஆசிய நாடொன்று தன்னை ஐரோப்பாவுடன் மட்டும் ஒப்பிடாமல் மற்றோர் ஆசிய நாட்டுடன் ஒப்பிடுவது இதன் மையக் கருத்தாகும். இவ்வாறான ஒப்பீட்டுக்கு இரு ஆசிய மொழிகளேனும் தெரிந்திருத்தல் வேண்டும். ஆனால் ஆசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இப்புலத்தின் நூல்களும் வகுப்புகளும் இன்றும் ஆங்கிலத்தையே பெரிதும் சார்ந்துள்ளன.