மாட்டினா உட்காரும்... ஆனா ரேஸுக்குச் செல்லுமா?

பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கப் போயிருக்கீங்களா? விற்கிறவர் "எல்லாமே ஒரிஜினல்" என்று சத்தியம் பண்ணுவார். கூட வந்த மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "போர் ஏத்தியிருக்கு தம்பி, போர்ட்டையும் கடைஞ்சிருக்காங்க" என்பார். ரோட்டில் ஓட்ட அது பிரச்னையே இல்லை, இழுவை கூடத்தான் இருக்கும். அதே மாதிரி கைவைத்த இன்ஜினோடு அமெரிக்காவில் அவுட்போர்டு படகு ரேஸுக்குப் போனால், ஜெயித்தாலும் கோப்பை கைக்கு வராது.

அவுட்போர்டு என்றால் படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற மோட்டார். அமெரிக்காவில் இந்த ரேஸ்களை 1903-ல் தொடங்கிய அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன் நடத்துகிறது. அதில் 'ஸ்டாக்' என்று ஒரு பிரிவு. கம்பெனி கொடுத்த இன்ஜினில், விதிப்புத்தகம் அனுமதித்ததைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. காசு இருக்கிறவர் இன்ஜினில் கொட்டி ஜெயிக்கக்கூடாது, ஓட்டத் தெரிந்தவர் ஜெயிக்கணும் என்பதுதான் கணக்கு. 9 வயதுப் பிள்ளைகளுக்கும் இதில் தனி கிளாஸ் உண்டு. ரேஸ் முடிந்ததும், முன்னால் வந்தவர்களின் மோட்டாரை இன்ஸ்பெக்டர் பிரிக்கச் சொல்லலாம். பார்ட் தப்பு என்றால், "எனக்கே தெரியாது சார்" என்பதெல்லாம் எடுபடாது.

பல சமயம் உண்மையிலேயே தெரிந்திருக்காது என்பதுதான் சோகம். 1950-களில் வந்த மெர்க்குரி 20எச் மாதிரி மோட்டார்கள் தலைமுறை தாண்டி ஓடியவை. நாலு கை மாறி வந்த இன்ஜினுக்குள் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வாங்கும்போதே பார்க்கக் கத்துக்கணும்.

முதலில் எல்லோரும் தேடுவது நம்பர். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பார்ட்டின் மேல் புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு எண். கம்பெனியின் பார்ட் நம்பர் வேறு. ஒரே வார்ப்பை எடுத்து, ஒரு மாடலுக்கு ஒரு மாதிரியும் இன்னொரு மாடலுக்கு வேறு மாதிரியும் கடைந்திருப்பார்கள். வெளியே ஒரே எண், உள்ளே துளை வேறு. தலைகீழாகவும் நடக்கும். கம்பெனி பார்ட் நம்பரை மாற்றியிருக்கும், பொருள் அதேதான். அதனால் அந்தக் கால பார்ட்ஸ் புத்தகம், உங்கள் கிளாஸின் இந்த வருட விதிப்புத்தகம் இரண்டும் கையில் இருக்கணும். தயாரிப்பு நின்றுபோன பார்ட்டுக்கு மாற்றாக எதை ஏற்கிறார்கள் என்பதும் விதியில்தான் இருக்கும். கடைக்காரர் சொல்வதில் இல்லை.

அடுத்தது மேற்பரப்பு. வார்ப்பு இரும்போ அலுமினியமோ, கடையாத இடம் சொரசொரவென்று இருக்கும். டார்ச் அடித்து போர்ட் உள்ளே பாருங்க. கண்ணாடி மாதிரி பளபளப்பு, அரம் போட்ட கோடு, மழுங்கிய ஓரம் ஏதாவது தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் போர்ட்டின் உயரம்தான் இன்ஜினின் குணம். சும்மா ஒரு நூல் அளவு ஏற்றினாலே திறக்கிற நேரம் மாறிவிடும்.

கண் சொல்வதை அளந்து உறுதி செய்யணும். கார்புரேட்டர் துளைக்கு, அளவான உருளைக் கம்பி ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். நுழையக்கூடாத கம்பி நுழைந்தால் கதை முடிந்தது. கம்பஷன் சேம்பர் அளவை, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றிப் பிடிப்பார்கள். எண்ணெய் குறைவாகப் பிடித்தால் கம்ப்ரஷனைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 20எச்-இல் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவே வழியில்லை, அதனால் இந்த எண்ணெய்க் கணக்குதான் கண்.

எனக்குப் பிடித்த தில்லாலங்கடி ஃப்ளைவீல் கீ. ஃப்ளைவீலை கிராங்க் ஷாஃப்ட்டோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான். அதைப் படி மாதிரி வெட்டினால் ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பி உட்காரும், இக்னிஷன் டைமிங் மாறும். வெளியே ஒன்றுமே தெரியாது. பழைய மோட்டார் வாங்கினால், அதைக் கழற்றிப் பார்க்காமல் விடாதீங்க.

யமாட்டோ மோட்டாருக்குத் தனிக் கதை. ஜப்பானில் 1952-ல் ஓமுராவில் தொடங்கிய படகுப் பந்தயத்துக்கான மோட்டார்களைச் செய்வது இந்த கம்பெனிதான். அங்கே மோட்டார் ரேஸருக்குச் சொந்தமில்லை. பந்தயத் திடலுக்குச் சொந்தம், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் என்று எதை மாற்றினாலும் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அறிவிப்பார்கள். எத்தனை ரிங் என்பது உட்பட! அங்கே ஓடி ரிட்டயரான மோட்டார்கள் அமெரிக்க ரேஸர்களிடமும் வந்து சேர்ந்தன. 80, 102, 302 என்று மாடல் எண்கள். ஒரே குடும்பம் என்பதால் ஒரு மாடலின் பார்ட் இன்னொன்றில் உட்காரலாம். உட்காருகிறது என்பதற்காக உங்கள் கிளாஸில் செல்லும் என்று நினைத்துவிடாதீங்க.

இன்னொரு சங்கடமும் இருக்கு. எல்லா வித்தியாசமும் திருட்டு இல்லை. ஓடி ஓடி சிலிண்டர் தேய்ந்து அகலமாகும். ரீ-போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார்கள். எவ்வளவு வரை சரி என்பதற்கு விதியில் எல்லை இருக்கும். தேய்மானமா, தில்லுமுல்லா என்று இன்ஸ்பெக்டர் யோசிக்கமாட்டார், அளவைத்தான் பார்ப்பார்.

அதனால் புதுசா வாங்கினவங்க செய்யவேண்டியது ஒன்று. சீசன் தொடங்கும் முன்பே மோட்டாரைப் பிரித்து, சந்தேகமான பார்ட்டை இன்ஸ்பெக்டரிடமோ அதே கிளாஸில் பல வருஷம் ஓட்டினவரிடமோ காட்டுங்க. சரியான பார்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்க. அளவுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, மோட்டார் பெட்டியிலேயே வைங்க. பின்னாடி அந்த மோட்டாரை வாங்கப்போகிறவருக்கும் அந்த நோட்டைக் கொடுத்துடுங்க.