நடுகல்லும் பதிவறையும்

கணியம்பாடியிலிருந்து அமிர்திப் பக்கம் போகும் பேருந்தில் உட்கார்ந்தால் ஜவ்வாது மலை எதிரே வந்து நிற்கும். பார்க்க ஒரே மலைதான். அரசாங்கக் கணக்கில் மூன்று துண்டு: வேலூருக்குக் கொஞ்சம், திருப்பத்தூருக்குக் கொஞ்சம், திருவண்ணாமலைக்குப் பெரும்பங்கு. 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள். 1911க்கு முன் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். ஒவ்வொரு பிரிவினையிலும் நாற்காலி, மேசைகளோடு காகிதக் கட்டுகளும் இடம் மாறின. இந்த மலையின் பழைய சங்கதியைத் தேடுகிறவர் எத்தனை ஊர்ப் பதிவறைகளின் படி ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பதினான்காம் லூயி, பதினைந்தாம் லூயி என்று பிரான்சின் மன்னர்களை வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். செங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஆனால் அந்தப் படிப்பில் ஒரு நன்மையும் உண்டு. ஊர் வரலாற்றை ஊர்க்காரர்களே கூடி எழுதலாம் என்பது பிரெஞ்சுக்காரர்களிடம் பழைய வழக்கம். நோர்மந்தியில் 1824லேயே அப்படியொரு சங்கம் தொடங்கியது. புதுச்சேரியிலும் 1911இல், ஆளுநர் மர்த்தினோ காலத்தில், பிரெஞ்சிந்திய வரலாற்றுச் சங்கம் ஏற்பட்டது. அங்கே கல்லூரி ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் விடுமுறையெல்லாம் பல்லவர் குகைகளைத் தேடி அலைந்தார். 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களைக் கண்டு சொன்னவர் அவர்தான்.

நம் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில், நாகசாமி இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தேடிப் படியெடுத்து நூலாக்கியது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவனுக்கு ஊரார் நட்ட கல், நடுகல். மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி. கீழே வில்லோடும் வாளோடும் அவன் உருவம். சங்க நூலான மலைபடுகடாமும் செங்கண்மாத்து நன்னனிடம் போகும் வழியில் இப்படிப்பட்ட கற்கள் நிற்பதைச் சொல்கிறது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம்.

அவற்றுள் எடத்தனூர்க் கல் பலரும் அறிந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். திருடர் இருவரைக் கடித்து எசமானைக் காத்து நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பெயர் தெரியும்?

அந்தக் கல்லில் இன்னொரு விசேஷம். பாடப்புத்தகத்தில் மகேந்திரவர்மன் ஆட்சி கி.பி. 600 முதல் 630 வரை என்று படித்தோம். அது முப்பது ஆண்டுதான். கல்லோ முப்பத்து நான்காம் ஆண்டு என்கிறது. ஆக, அவன் அரியணை ஏறிய ஆண்டை முன்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. கொல்லையில் நின்ற ஒரு கல் புத்தகத்தையே திருத்திவிட்டது.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. அதன் பிறகு கர்ணம் வீடுகளிலிருந்து கட்டுக் கட்டாகக் காகிதங்கள் அலுவலகத்துக்கு வந்தன. நான் அப்போது இளநிலை எழுத்தர். பதிவறை என் பொறுப்பு. எங்களுக்கு விதி உண்டு. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். வந்த கட்டுகளில் பலவற்றுக்கு எண்ணே இல்லை. எண் இல்லாத காகிதம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கரையான் வேறு. பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி, கழித்துவிட்டோம். பட்டியல் எழுதிய கை என்னுடையது.

கட்டும் முன் ஒரு குறிப்பேட்டைப் பிரித்துப் படித்தேன். எந்த வீட்டுக்காரர் ஏரிக் கால்வாயில் எவ்வளவு தூரம் தூர் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நிலங்களுக்கெல்லாம் பெயர். அதில் ஒன்று ‘நாய்க்கல் கொல்லை’. வேடிக்கையான பெயர் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். கோவிவன் கதையைப் படித்தது பல ஆண்டுகள் கழித்து. அன்று தூக்கமே வரவில்லை. அங்கே நாயோடு ஒரு கல் நின்றிருக்கலாம். வேறு காரணத்தால் வந்த பெயராகவும் இருக்கலாம். போய்ப் பார்க்கலாம் என்றால் எந்த ஊர்க் குறிப்பேடு என்பது நினைவில் இல்லை. சர்வே எண் மட்டும் உள்ள இன்றைய ஆவணத்தில் அந்தப் பெயர் அகப்படாது. நான் விதியை மீறவில்லை. ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை.

திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் அன்பர்கள் புதர்களுக்குள் புகுந்து நடுகல்லும் கல்வெட்டும் கண்டெடுத்துச் செய்தியாக்குகிறார்கள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழாசிரியர்களும் ஜவ்வாது மலையில் ஏறி இறங்கிப் பார்த்து எழுதுகிறார்கள். மலை ஊர்களில் புதிய கற்காலக் கற்கோடாரிகளை மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுவதையும் இப்படிப்பட்டவர்கள்தான் நமக்குச் சொன்னார்கள். யாரும் மெனக்கெட்டுப் பாதுகாக்கச் சொல்லவில்லை. கும்பிட்டார்கள், அதனால் கல் பிழைத்தது.

கும்பிடாத கல்தான் துவைகல்லாகவும் வாசற்படியாகவும் போகிறது. சாலை அகலமாகும்போது ஜல்லியோடு ஜல்லியாகிறது. நம் கணியம்பாடி வட்டாரத்தில் என்னைப் போல ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் ஊர்ப் பெரியவரிடம் கொல்லைப் பெயர், ஏரிப் பெயர், பாறைப் பெயர் கேட்டு எழுதுங்கள். எழுத்துள்ள கல் இருந்தால் நகர்த்தாமல், சுண்ணாம்பு அடிக்காமல் படம் எடுங்கள். எந்த இடம் என்று குறித்து, தொல்லியல் துறைக்கோ மேலே சொன்ன அன்பர்களுக்கோ தெரிவியுங்கள்.

நான் என் நோட்டைத் தொடங்கிவிட்டேன். இதுவரை நாற்பத்தொரு கொல்லைப் பெயர் ஏறியிருக்கிறது. நாய்க்கல் கொல்லை இன்னும் வரவில்லை. உங்களில் யாருக்காவது அந்தப் பெயர் காதில் விழுந்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.