பால்மரமும் பிளக் வயரும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மழை நாளில் நடுவழியில் நின்றுவிட்டால், அனுபவமிக்க பட்டறைக்காரரின் கை முதலில் தேடுவது பெரிய உறுப்பு எதையும் அன்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் உள்ள பிளக்குக்குச் செல்லும் கறுப்பு வயர்களையே அது தடவிப் பார்க்கிறது. அவற்றுள் ஒன்று வெடித்திருக்கும். வெடிப்பில் ஈரம் புகுந்திருக்கும். பிளக்கின் நுனியில் தெறிக்க வேண்டிய பொறி வழியிலேயே எஞ்சினின் உலோகத்தின்மீது பாய்ந்து வீணாகியிருக்கும். வயரை மாற்ற வேண்டும் என்பது எளிய முடிவு. எந்த வயரை வாங்குவது என்பதுதான் எளிதன்று. நிறத்தைப் பார்த்து வாங்குவோர் உண்டு. தடிமனைப் பார்த்து வாங்குவோரும் உண்டு. ஆயினும் சரியான விடை அவ்வயரின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றின் முக்கியப் பகுதியொன்று மலாக்கா மாநிலத்துத் தமிழர் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்களின் வழியே செல்கிறது.

முதல் உறை

மின்சாரம் ஓடும் செப்புக் கம்பிக்கு உறை தேவை என்பதை உலகம் நன்கு உணர்ந்தது தந்தி தோன்றிய காலத்திலாகும். நிலத்தின்மீது கம்பங்களை நட்டுக் கம்பியைக் கொண்டு செல்ல இயன்றது. கடலடியில் அது நடவாது. அந்நிலையில் வழிகாட்டியது மலாய் மண்ணின் காட்டுமரம் ஒன்று. அதன் பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சா என்னும் பொருளைக் கொண்டு மலாய் மக்கள் கத்திப் பிடிகளைச் செய்து வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843-ஆம் ஆண்டில் இதனை ஐரோப்பாவின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1847-இல் ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ் இதனைக் கம்பியின்மீது இடைவெளியின்றிப் பொதியும் பொறியை அமைத்தார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி இயங்கியது. ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல் பால், பிசின் ஆகியவற்றைக் குறிப்பது. தோட்டத்தில் வாழ்ந்த தமிழர்க்கும் அது பழகிய சொல்லே.

எனினும் கட்டாபெர்ச்சாவுக்கு ஒரு குறை இருந்தது. வெந்நீரில் இட்டாலே அது இளகிவிடும். குளிர்ந்த கடலடியில் நிலைத்து நின்ற அப்பொருள், கொதிக்கும் எஞ்சினின் அருகே நிற்க வல்லதன்று. அங்கே தேவைப்பட்டது வெப்பத்தையும் வளைவையும் தாங்கும் வேறொரு பொருள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரப்பர் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்திருந்தார். இரப்பரைப் பயன்படுத்தும் வழி தெரிந்துவிட்டது. பெருமளவில் இரப்பர் கிடைக்கும் வழிதான் தெரியாதிருந்தது.

புக்கிட் லிந்தாங் முதல் புக்கிட் அசஹான் வரை

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி, மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இரப்பர் பயிரிடுமாறு வற்புறுத்தித் திரிந்த அவரைத் தோட்டத் துரைமார் பைத்தியக்கார ரிட்லி என்று எள்ளினர்.

அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை நட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் லேடாங் மலையடிவாரத்திலுள்ள புக்கிட் அசஹானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் இரப்பர் பரவியது. மகிழுந்துத் தொழில் உலகெங்கும் வளரத் தொடங்கிய வேளையில் அம்மரங்களும் பால் தரும் பருவத்தை எட்டின.

ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. தொழிலாளரை இவ்வாறு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்யும்வரை அது தொடர்ந்தது. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுப்பது, இருளில் நிரைக்குச் செல்வது, பட்டையைச் சீவி மங்கு வைப்பது, வெயில் ஏறுமுன் பாலைச் சேர்த்து வாளியில் சுமந்து வருவது ஆகியவையே அவர்களது அன்றாட வாழ்வு. ஆழ்ந்து வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் குறையும். அந்த நூலிழை அளவைக் கையே அறிந்திருந்தது. அமிலமிட்டு உறையவைத்த பால், உருளைகளில் நசுங்கிச் சீட்டாகிப் புகைக்கூடத்தில் பழுப்பேறிக் கப்பலேறியது. அதன் பெரும்பகுதி சக்கர டயர்களுக்குச் சென்றது. சிறுபகுதி வயர்களுக்குச் சென்றது. அந்தச் சிறுபகுதி இல்லையேல் அக்காலத்து எஞ்சினில் பொறி பிளக்கைச் சென்றடைந்திருக்காது.

வயருக்குள் புகுந்த பால்

1902-இல் பாஷ் நிறுவனத்தைச் சேர்ந்த கொட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அதன்பின் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங், பேட்டரியையும் காயிலையும் கொண்டு பொறியுண்டாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1912-ஆம் ஆண்டுக் கேடிலாக் காரில் எஞ்சினைத் தொடக்குதல், விளக்கு, பொறி ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் இணைந்தன. பிற்காலக் காரில் பேட்டரி தருவது 12 வோல்ட்; காயில் அதனைப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் என உயர்த்துகிறது. அவ்வளவு பெரிய அழுத்தத்தைக் கட்டிக்காப்பது வயரின் உறையே. ஆகவேதான் மெல்லிய கம்பிக்கு 7 மில்லிமீட்டர் அளவில் அத்தனை தடித்த போர்வை.

அக்காலத்து வயரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் ஈயம் பூசிய செப்பு இழைகள் தென்படும். வெள்ளீயப் பூச்சு அழகுக்காக இடப்பட்டதன்று. இரப்பரில் உள்ள கந்தகம் செம்பை அரித்துவிடாமல் அது காத்தது. இழைகளைச் சுற்றி இயற்கை இரப்பர். அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். பின்னலின்மீது மெருகெண்ணெய்ப் பூச்சு. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் அமைந்திருந்த வயர் இத்தகையதே.

காற்றே பகையானது

இந்த வயரின் அழிவு அதன் பணியிலேயே பிறந்தது. உயர் அழுத்தம் ஓடும் வயரைச் சுற்றிய காற்றில் நுண்ணிய மின்கசிவு உண்டாகிறது. இருட்டில் எஞ்சின் ஓடும்போது பழுதுற்ற வயரின்மீது நீல ஒளியாக இதனைக் காணலாம். இக்கசிவு காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றுகிறது. இயற்கை இரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோன் அவற்றைத் தாக்கி அறுக்கிறது. வயர் வளைந்து இழுபட்டிருக்கும் இடத்தில் முதலில் வெடிப்புத் தோன்றுவது இதனாலேயே. எஞ்சினின் வெப்பமும் எண்ணெயும் அவ்வழிவை விரைவுபடுத்துகின்றன. மலாக்காவின் ஈரக்காற்றில் அவ்வெடிப்பு மின்சாரம் தப்பியோடும் பாதையாகிவிடுகிறது.

இக்குறையைப் போக்கும் முயற்சி போருக்கு முன்பே தொடங்கியது. 1931-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ஓசோனையும் எண்ணெயையும் எதிர்த்து நிற்கும் நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பரை அறிவித்தது. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றவே நேசநாடுகளுக்கு இந்நாட்டின் இரப்பர் கிட்டாமற் போயிற்று. அமெரிக்கா செயற்கை இரப்பர் ஆலைகளைப் பெருமுயற்சியுடன் எழுப்பியது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. பால்வெட்டியவர் காட்டில் தண்டவாளம் சுமந்த நாள்களில், அவர் வெட்டிய பாலுக்கு மாற்று அயல்நாட்டு ஆலைகளில் பெருகிக்கொண்டிருந்தது.

போருக்குப் பின் வயரின் உறை வேகமாக மாறியது. 1950-களில் ஹைப்பலோன் வந்தது, 1960-களில் ஈ.பி.டி.எம். வந்தது, வெப்பத்தை மிகுதியாகத் தாங்கும் சிலிக்கோனும் இடம்பெற்றது. டயரில் இயற்கை இரப்பருக்கு இன்றும் இடமுண்டு. பிளக் வயரிலோ அதன் இடம் பறிபோயிற்று.

நடுக்கம்பியில் நேர்ந்த மாற்றம்

உறை மாறியதுபோல் நடுக்கம்பியும் மாறியது. பொறி தெறிக்கும்போதெல்லாம் செப்புக் கம்பி வானொலி அலைகளைப் பரப்பியது. வீட்டு வானொலியில் கரகரப்பும் தொலைக்காட்சியில் புள்ளிகளும் தோன்றின. பிரிட்டன் 1952-இல் இதனைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தது. செம்புக்கு மாற்றாகக் கரியூட்டிய நூலை நடுவில் வைத்த வயர்கள் பரவின. அவற்றின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் அளவினது. அத்தடை வானொலி இரைச்சலை அடக்கியது. ஆயினும் கரிநூல் நாளடைவில் அறும். அதற்குப்பின் மெல்லிய உலோக இழையைச் சுருளாகச் சுற்றிய வயர்கள் வந்தன. அவை குறைந்த தடையுடன் இரைச்சலையும் தணிக்கின்றன. நீண்ட நாளும் உழைக்கின்றன.

தேர்வு செய்யும் முறை

இவ்வரலாற்றை அறிந்தவர்க்குத் தேர்வு எளிதாகிறது. முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நோக்க வேண்டும். 1940, 1950-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றின் மூடியில் கூர்முனைத் திருகு ஒன்று வயரைத் துளைத்து நடுக்கம்பியைத் தொடும். அதற்குச் செப்புக் கம்பி வயரே பொருந்தும். கரிநூலில் அத்திருகு உறுதியாகப் பற்றாது. தொடுமிடம் கருகிப் பொறி தடுமாறும். இரைச்சலை அடக்க விரும்பினால் தடையுள்ள பிளக்கையோ, தடையுள்ள பிளக் தொப்பியையோ சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, பொறியமைப்பை நோக்க வேண்டும். பழைய பிளாட்டினம் நீக்கப்பட்டு மின்னணு அமைப்புப் பொருத்தப்பட்டிருந்தால், வெறும் செப்பு வயரின் இரைச்சல் அவ்வமைப்பையே குழப்பக்கூடும். அங்கே தடையுள்ள வயரோ சுருளிழை வயரோதான் தக்கது. அதற்கேற்ற மூடியையும் உடன் மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, உறையை நோக்க வேண்டும். புகைபோக்கிக் குழாயின் அருகே செல்லும் வயருக்குச் சிலிக்கோன் சிறந்தது. ஆனால் அது எளிதில் கிழியும் இயல்பினது. கூரிய விளிம்பில் உரசலாகாது. மலிவான பிளாஸ்டிக் உறை சூட்டில் உருகிவிடும். 8 மில்லிமீட்டர்த் தடிமனுள்ள வயர் 7 மில்லிமீட்டருக்கென அமைந்த பழைய மூடித்துளையில் நுழையாமற் போகலாம். தடிமன் மட்டுமே வலிமையன்று.

பொருத்தும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவதே முறை. அனைத்தையும் ஒருங்கே கழற்றினால் வரிசை தவறும். 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. காரில் பொறி வரிசை 1, 3, 4, 2 என்பதாகும். அது பிறழ்ந்தால் எஞ்சின் இருமும், அன்றி ஓடாது. வயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைப் பற்றிக் கழற்ற வேண்டும். கரிநூல் வயரையோ சுருளிழை வயரையோ ஓம் அளவிடும் கருவியால் சோதிக்கும்போது தொடர்பே காட்டாவிடில் உள்ளே இழை அறுந்துள்ளது என்பது தெளிவு.

பழைமை மாறாத தோற்றம் வேண்டுவோர்க்கென வெளியே பருத்திப் பின்னலும் உள்ளே புதிய உறையும் கொண்ட வயர்கள் விற்கப்படுகின்றன. கண்ணுக்குப் பழையது, பணிக்குப் புதியது. அப்பின்னலின் அடியில் ஒருகாலத்தில் இருந்தது எதுவென்பதை அறிந்து வாங்குவோர் சிலரே.

மறைந்த பெயர்கள்

1967-ஆம் ஆண்டில் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர் தம் குறைகளை எடுத்துரைக்கக் கோலாலம்பூரை நோக்கி நெடுநடைப் பயணம் புறப்பட்டனர். தோட்டத்துப் பால் டயராகி ஓடிய அதே சாலையில் அவர்கள் கால்நடையாகச் சென்றனர். ரிட்லியின் பெயரும் டான் சாய் யானின் பெயரும் நூல்களில் உள்ளன. குட்இயரின் பெயர் டயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நிரை பிடித்து வெட்டியவர்களின் பெயர்கள் பெரட்டுப் புத்தகத்தோடு மறைந்தன. மலாக்காவின் இரப்பர்க் காடுகள் பலவும் செம்பனையாக மாறிவிட்டன. லயங்களை விட்டுக் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. அக்குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் கார்ப் பட்டறைகளிலும் தொழில் கற்றனர். பாட்டன் வெட்டிய பால் போர்த்தியிருந்த வயரைப் பேரன் கழற்றி எறியும் நிகழ்ச்சி, எவரும் அறியாமல் எங்கேனும் நடந்திருக்கக்கூடும்.

பட்டறையின் குப்பைத் தொட்டியில் கிடக்கும் பழைய வயர்த் துண்டு ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டு வந்து, குறுக்கே அறுத்து மாணவர் கையில் தரும் ஆசிரியர் வேதியியலையும் மின்னியலையும் தோட்ட வரலாற்றையும் ஒரே பாடமாக நடத்தலாம். செப்பு இழையையும் அதன்மீதுள்ள ஈயப் பூச்சையும் வெடித்த இரப்பரையும் கண்ட மாணவர், அந்த இரப்பர் எவ்வூரில், எவர் கையில் பாலாக இருந்தது என்று கேட்பர். மலாக்காத் தமிழ் மாணவர்க்கு அதற்கான விடையைச் சொல்லத்தக்க முதியவர் சிலர் அவர்தம் வீடுகளிலேயே இருக்கலாம்.